களைத்த முகங்களிடம் தோற்பவர்

மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் நாங்கள் ஒருவரையொருவர் கண்டால் "எப்பிடிச் சுகம்?" என்று கேட்போம். "களைப்பு" என்று பதில் வரும். இது முறைப்பாடு அல்ல, வணக்கத்தின் இரண்டாவது பாதி. இரவு வேலைக்காரன் இரவால் களைத்திருப்பான், பகல் வேலைக்காரன் பகலால். வேலை கிடைக்காதவன் எல்லாரையும்விடக் களைத்திருப்பான். 2012 வாக்கில், நான் அப்படிக் கேட்டபோது பதில் சொல்லாமல் என் முகத்தையே உற்றுப் பார்த்து, "நீர்தான் தம்பி களைச்சுப் போனீர். முதல்ல இரும்" என்று கதிரையை இழுத்துப் போட்டவர் ஒருவர்தான். இது அவரைப் பற்றியது.

அவருக்குப் பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அண்ணை. அவரைவிடப் பத்து வயதாவது மூத்த வீட்டுக்கார அங்கிளுக்கும் அண்ணை. ஆகவே இங்கேயும் அண்ணை.

படகில் வந்தவர். கையில் இருந்தது தற்காலிக விசா. ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்த்து மடிக்கும் ஓரிடத்தில் வேலை. மேற்பார்வையாளன் வந்து "இன்றைக்கு யார் கூடுதல் நேரம் நிற்பீர்கள்?" என்று கேட்டால் மற்றவர்கள் நிலத்தைப் பார்ப்பார்கள். அண்ணை அவனுடைய முகத்தைப் பார்ப்பார். பார்த்ததும் கை தானாக உயர்ந்துவிடும். சந்தையில் ஒருநாள் மணக்கிற மீனை வாங்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இது பழசு."

"ஓம், தெரியும். அந்த மனிசன் அழுதிட்டு வந்து நிக்கிற முகம். எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது?"

மீனை அங்கிளின் கொல்லையில் புதைத்தோம். அதன்பிறகு அங்கிளின் கறிவேப்பிலை மரம் மட்டும் நன்றாக இருந்தது.

நாங்கள் ஞாயிறு பின்னேரங்களில் அங்கிளின் கராஜில் போக்கர் விளையாடுவோம். யாழ்ப்பாணத்து மனிதர்கள் முந்நூற்றி நாலு விளையாடாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று அங்கிளின் மனைவி அன்ரி கேட்டார். நியாயமான கேள்வி. முந்நூற்றி நாலுக்கு நாலு பேர் வேண்டும். எதிரே இருக்கும் கூட்டாளிக்குக் கண்ணாலும் மூக்காலும் களவாகச் செய்தி அனுப்பவும் வேண்டும். மெல்பேர்னில் நாலு தமிழருக்கு ஒரே நாளில் ஓய்வு கொடுக்கும் முதலாளி இன்னும் பிறக்கவில்லை. போக்கருக்கு வந்த ஆள் போதும், கூட்டாளியும் தேவையில்லை. கையில் இரண்டு சீட்டு மறைவாக, மேசையில் ஐந்து சீட்டு வெளிச்சமாக. யாரிடம் நல்ல சேர்க்கை இருக்கிறதோ அவர் வெல்வார். அல்லது, ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றி மற்றவர்களைப் பயப்படுத்திச் சீட்டைப் போட வைத்தால் அவன் வெல்வான். இதற்குப் பெயர் பிளஃப். இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்து அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் நான்தான்.

பேராசிரியருக்கு ஒரு சின்னக் குறை. நல்ல சீட்டு வந்தால் எனக்குக் காது சிவக்கும். இரண்டு காதும். அங்கிள் அவற்றுக்கு 'ட்ரபிக் லைற்' என்று பெயர் வைத்திருந்தார். சிவப்பைக் கண்டதும் மற்றவர்கள் ஒழுங்காக நின்றுவிடுவார்கள், சீட்டைக் கீழே போட்டுவிடுவார்கள். ஆகவே என் வாழ்க்கையில் நல்ல சீட்டால் நான் பெரிதாக வென்றது கிடையாது. கெட்ட சீட்டால் வென்றதும் கிடையாது. காது வெளிறிவிடும்.

பந்தயத்துக்குக் காசு கூடாது என்று அன்ரி சட்டம் போட்டிருந்தார். கோதோடு வறுத்த கச்சான்தான் வைத்தோம். வேலை இல்லாத ஞாயிறுகளில் மட்டும் வரும் நாலாவது ஆள் செந்தில், மதுரைக்காரன், கணினி வேலை. கச்சானைக் கடலை என்பான், வென்றதை உடனுக்குடன் உடைத்துத் தின்றுவிடுவான்.

"டேய், அது பந்தயக் கச்சானடா!" என்று அங்கிள் கத்துவார்.

"ஜெயிச்சது நான்தானே அங்கிள்? என் சொத்து, நான் அனுபவிக்கிறேன். உங்களுக்கென்ன வயிறு எரியுது?"

அடுத்த ஆட்டத்தில் அவனிடம் வைக்க ஒன்றும் இருக்காது. "யாராவது கொஞ்சம் கடலை குடுங்கண்ணே" என்று சுற்றிப் பார்ப்பான். அண்ணை தன் குவியலை அப்படியே அவன் பக்கம் தள்ளிவிடுவார்.

அண்ணை விளையாடும்போது சீட்டைப் பார்க்க மாட்டார். ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார், வைத்துவிடுவார். பிறகு முழுநேரமும் எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தேநீர்க் கோப்பையை யார் எந்தக் கையால் எடுக்கிறான், யார் சிரித்து முடித்த பிறகும் வாயை மூட மறந்திருக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஆள் எங்களை உரித்துத் தோரணம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் எல்லா ஞாயிறும் அவரே தோற்றார்.

ஒருநாள் அங்கிள் துணிந்து தன் கச்சான் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். அண்ணை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க எடுங்கோ."

அங்கிள் கச்சானை அள்ளிக்கொண்டு, "அன்ரி! வென்றிட்டனப்பா!" என்று சொந்த மனைவியையே அன்ரி என்று கூப்பிட்டுக்கொண்டு குசினிக்கு ஓடினார். நான் அண்ணையின் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு ராஜா. மேசையில் மூன்றாவது ராஜா. அங்கிள் போட்டுவிட்டுப் போனது ஒரு சோடிக்கும் வக்கில்லாத சீட்டு.

"என்ன அண்ணை இது? அவர் பிளஃப் அடிச்சவர்."

"ஓம், கண்டனான்."

"கண்டு?"

"அந்தாள் விடிஞ்சதில இருந்து ஆரோடையோ சண்டை பிடிச்ச முகத்தோட இருந்தது. இப்ப பாரும், எப்பிடி ஓடுதெண்டு."

செந்தில் கச்சானை மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, இவருக்கு இந்த கேமோட பேசிக்கே புரியலைண்ணே."

நானும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தேன். அவருடைய முதல் விசாரணையில் என்ன நடந்தது என்று தெரிய வரும்வரை சிரித்தேன்.

அகதி விண்ணப்பம் போட்டவர்களை ஒரு அதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். ஊரில் என்ன நடந்தது, ஏன் திரும்பிப் போக முடியாது என்று முழுவதும் சொல்ல வேண்டும். அந்த ஒரு பேச்சில்தான் மிச்ச வாழ்க்கை இருக்கிறது. அண்ணை போனார், வந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், போதிய விவரம் இல்லை என்பது. சம்பளம் வாங்காமல் அவருக்கு உதவிய வக்கீல் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "எனக்குச் சொன்னதில் பாதிகூட அங்கே சொல்லவில்லையே, ஏன் என்று கேள்" என்று என்னிடம் சொன்னார். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன்.

அண்ணை கொஞ்சம் வெட்கப்பட்டார். "அது ஒரு சின்னப் பிள்ளை தம்பி, கேள்வி கேட்டது. நல்ல தடிமன். மூக்கெல்லாம் சிவந்து போச்சு. கடுதாசியால துடைக்குது, எழுதுது, துடைக்குது, எழுதுது. சாப்பாட்டு நேரமும் தாண்டிப் போச்சு. நான் இருந்து கதை சொல்லிக்கொண்டு இருக்கிறதோ? கெதியா முடிச்சிட்டன்."

"எவ்வளவு கெதியா?"

"என்ர தம்பியைக் கொண்டு போச்சினம், பிறகு என்னைத் தேடிச்சினம், வெளிக்கிட்டு வந்திட்டன் எண்டு சொன்னனான்."

"பிறகு?"

"இன்னும் ஏதும் சொல்ல இருக்கோ எண்டு அந்தப் பிள்ளை கேட்டது. முகத்தைப் பார்த்தன். ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டு எழும்பினனான்."

இரண்டு ராஜாவையும் கவிழ்த்து வைத்த அதே கை. வக்கீல் அம்மாவுக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது? அதிகாரிக்குச் சளி, ஆகவே உங்கள் கட்சிக்காரர் தன் உயிரைச் சுருக்கிக்கொண்டார் என்றா? "அவர் பயந்துவிட்டார்" என்று சொன்னேன். அவருக்கு அது புரிந்தது.

மேல்முறையீடு ஒன்று மிச்சம் இருந்தது. அதிலும் "ஒண்டுமில்லை" என்று எழும்பி வந்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு நித்திரை வரவில்லை. நான் நித்திரைக்குப் பேர்போன ஆள், பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி எண்ணும் வேலையில் நின்றபடியே தூங்கிச் சாதனை படைத்தவன். அப்படிப்பட்டவனுக்கு வரவில்லை.

அப்போதுதான் என் மூளையில் ஒரு திட்டம் உதித்தது. என் திட்டங்களின் வரலாறு அவ்வளவு நன்றாக இருக்காது. இருந்தாலும் என்னுடைய பழைய மடிக்கணினியை அண்ணையின் அறைக்குக் கொண்டுபோய், இலவசமாக விளையாடும் ஒரு ஒன்லைன் போக்கர் மேசையில் அவரை உட்கார வைத்தேன். காசு இல்லை, கச்சானும் இல்லை, வெறும் புள்ளி. ஆட்களின் இடத்தில் பொம்மைப் படங்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்ட கரடி. ஒருவர் கௌபோய். அண்ணைக்குத் தொப்பி போட்ட மீன் கிடைத்தது.

"இதில ஆரின்ர முகத்தைப் பாக்கிறது?"

"ஒருத்தரின்ரயும் இல்லை. சீட்டை மட்டும் பாருங்கோ."

அவர் கரடியைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தார். கரடி சிரித்துக்கொண்டே இருந்தது. வென்றாலும் சிரித்தது, தோற்றாலும் சிரித்தது. பத்து நிமிடத்தில் அண்ணை அதன் தோலை உரித்துவிட்டார். அடுத்தது கௌபோய். நான் பின்னால் நின்று பார்த்தேன். கராஜில் இருந்த மனிதர் இவர் இல்லை. எப்போது ஏற்ற வேண்டுமோ அப்போது ஏற்றினார், விட வேண்டிய இடத்தில் விட்டார், ஒருவருக்கும் ஒரு புள்ளி இரங்கவில்லை. கௌபோய் ஆத்திரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ தட்டியிருந்தார்.

"என்ன சொல்லுறார்?"

அண்ணையின் தாயாரைப் பற்றியது. "நல்லா விளையாடுறீங்களாம்."

"பாவம், நல்ல மனிசன்" என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தையும் பிடுங்கினார்.

கராஜுக்கும் திரைக்கும் என்ன வித்தியாசம் என்று அவரிடமே கேட்டேன். சீட்டுக் கலைக்கிற சத்தம் இல்லை, தேநீர் இல்லை, உம்முடைய காதும் இல்லை என்றார். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார், "இதில ஒருத்தரும் களைக்கிறதில்லை, தம்பி."

அவர் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. நாலு ஆட்டம் வென்றவர், கணினியை மூடிவிட்டு, கெட்ட காரியம் செய்தவர்போல் கைகழுவப் போனார். எனக்கு மட்டும் குதிக்க வேண்டும்போல் இருந்தது. முகம் தெரியாவிட்டால் இவர் வெல்வார்!

விசாரணைக்கு முன் த பேசின் என்ற புறநகரில் இருக்கும் பிள்ளையாரிடம் போய்வர வேண்டும் என்று அங்கிள் காரில் ஏற்றினார். அர்ச்சனைக்கு வரிசை. அண்ணை முன்னால் நின்றார். குழந்தையோடு வந்தவர்களை விட்டார், வேலைக்குப் போக வேண்டும் என்றவரை விட்டார், ஒன்றும் சொல்லாமல் சும்மா களைப்பாக நின்றவரையும் விட்டார். நாங்கள் ஐயரிடம் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நல்ல பசி. அது எனக்கே தெரிந்தது. அண்ணை அவர் முகத்தைப் பார்த்தார்.

"சுருக்கமாச் செய்யுங்கோ ஐயா. பிள்ளையாருக்குத் தெரியும்."

கடவுளிடமே சீட்டைக் கவிழ்த்து வைக்கிறவர் அதிகாரியிடம் என்ன செய்வார்?

"அண்ணை, அங்க போய் முகத்தைப் பாக்காதேங்கோ. சுவரைப் பாத்துக் கதையுங்கோ."

"சுவரைப் பாத்துக் கதைக்கிறது மரியாதை இல்லையே தம்பி."

அந்த வாரம் வக்கீல் அம்மா தொலைபேசியில் வருத்தத்தோடு ஒரு செய்தி சொன்னார். விசாரிப்பவர் சிட்னியில் இருக்கிறாராம், நேரில் வரமாட்டாராம், வீடியோ வழியாகத்தானாம். அங்கிளுக்கு முகம் விழுந்துவிட்டது. "நேரில முகத்தைப் பார்த்தாத்தான் மனிசருக்கு இரக்கம் வரும்."

"அவைக்கு வருமோ தெரியாது அங்கிள், இவருக்கு வரும். அதுதானே பிரச்சினை!" என்றேன். "அண்ணை, இது ஒன்லைன்!"

காதுகள் சிவந்திருக்க வேண்டும். அங்கிள் பார்த்துவிட்டு, கொஞ்சம் தெம்பானார்.

துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கலாம் என்றார்கள். நான் இருந்தேன். சின்ன அறை, சுவரில் பெரிய திரை. வக்கீல் அம்மா ஒரு பக்கம். மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண், அவரும் தொலைபேசி வழிதான், மேசையில் இருந்த கறுப்புப் பெட்டியிலிருந்து குரல் மட்டும். திரை வெளிச்சமாயிற்று. சிட்னியில் நல்ல வெயில். விசாரிப்பவரின் முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். அதனால் அவர் வெறும் கறுப்பு உருவமாக இருந்தார். தலை, தோள், அவ்வளவுதான். கரடிக்காவது கண்ணாடி இருந்தது.

"என்னைத் தெளிவாகப் பார்க்க முடிகிறதா?" என்று அந்த உருவம் கேட்டது. குரல் பெட்டியில் தமிழாயிற்று.

இல்லை என்று அண்ணை சொன்னால் திரைச்சீலையை இழுத்துவிடுவார்கள். முகம் வந்துவிடும்.

அண்ணை திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி திரையை.

"ஓம், வடிவாத் தெரியுது" என்றார்.

அவரை அறிந்த காலம் முழுவதிலும் அவர் அடித்த ஒரே பிளஃப் அது. கண் இமைக்கவில்லை.

பிறகு சொல்லத் தொடங்கினார். அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. முகாம், வரிசை, பெயர் கூப்பிடுகிற ஒலிபெருக்கி. எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன், அது அவருடைய கையில் இருந்த சீட்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

"தம்பியை பஸ்ஸில ஏத்திச்சினம். ஏறேக்க அவன்ர ஒரு செருப்பு கழண்டு விழுந்து போச்சு. நான் அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால ஓடினனான். குடுத்திட்டா நடந்து வந்திடுவான் எண்ட மாதிரி ஒரு நினைப்பு. அந்தச் செருப்பைக் கனநாள் வச்சிருந்தனான்."

கறுப்புப் பெட்டி மொழிபெயர்க்கத் தொடங்கியது. செருப்பு என்ற இடத்தில் நின்றுவிட்டது. பெட்டிக்குள் யாரோ தொண்டையைச் செருமுவதும், மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. மறுபடி ஆரம்பித்தது. மறுபடி நின்றது.

அண்ணை பெட்டியின் பக்கம் திரும்பினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவருடைய முகம் மாறியது. மீன் வாங்கிய முகம். ராஜாக்களைக் கவிழ்த்த முகம். மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். வாயைத் திறந்தார். முடிந்தது என்று நினைத்தேன், இப்போது "ஒண்டுமில்லை" என்று சொல்லப்போகிறார், எழும்பப்போகிறார்.

"பிள்ளை" என்றார் பெட்டியைப் பார்த்து, "போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. அவசரமில்லை. நான் நிக்கிறன்."

அண்ணை மடியில் கைகளை வைத்துக்கொண்டு, வைத்தியருக்குக் காத்திருப்பவர்போல் இருந்தார். குரல் திரும்பி வந்தது. விட்ட இடத்திலிருந்து செருப்பை எடுத்துக்கொண்டு அவரும் தொடர்ந்தார்.

கடைசியில் உருவம் கேட்டது, இன்னும் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று.

"ஓம்" என்றார் அண்ணை. "இன்னும் இருக்கு."

தீர்ப்பு வரக் குளிர்காலம் முழுவதும் போயிற்று. நாங்கள் அந்தக் குளிர்காலத்தில் கராஜில் ஒரு பிளஃப்கூட அடிக்கவில்லை, தெம்பில்லை. வந்தபோது நல்லதாக வந்தது. அன்ரி கச்சானைப் புதிதாக வறுத்தார். அன்றைக்கும் அண்ணை எல்லாவற்றையும் செந்திலிடம் தோற்றார். "வாழ்த்துக்கள்ண்ணே" என்று சொல்லிக்கொண்டே அவன் தின்றான்.

பிறகு அண்ணை சிட்னிக்குப் போய்விட்டார். லிட்கமில் தெரிந்தவர் ஒருவரோடு அறை, பெயின்ற் அடிக்கிற வேலை. ஞாயிறுகளில் நாங்கள் ஒன்லைனில் ஒரு மேசை போட்டுக்கொள்வோம். அங்கிள் ஒரு பூனை. செந்தில் தேடித்தேடி ஒரு கடலைப் படம் வைத்திருந்தான். நான் சிங்கம், தயவுசெய்து சிரிக்க வேண்டாம். தொப்பி போட்ட மீன் வாரத்துக்கு ஒருமுறை எங்கள் மூன்று பேரையும் இரக்கமில்லாமல் விழுங்கிவிட்டு நீந்திப் போகும்.

ஒரு ஞாயிறு பின்னேரம். அந்த வெள்ளிக்கிழமைதான் பிஸ்கட் தொழிற்சாலையில் எங்கள் பகுதியை மூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை வைத்து நான் அதற்குள் நாலைந்து நல்ல பகிடிகள் தயாரித்துவிட்டேன். நின்றபடி தூங்குவதற்கு இனி வேறு இடம் தேட வேண்டும் என்பது அவற்றில் சிறந்தது. வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பூனையும் கடலையும் சீக்கிரமே தோற்றுப் போனார்கள். மீனும் சிங்கமும்தான் மிச்சம். அடுத்த சீட்டு விழுந்தது. இரண்டு ஆசு. இந்த ஆட்டத்தில் இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. காது இரண்டும் கொதித்தன, பார்க்க ஒருவரும் இல்லை. ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கட்டம்.

அப்போது தொலைபேசி அடித்தது.

"தம்பி, என்ன?"

"என்ன, என்ன? விளையாடுங்கோ அண்ணை, நான் நல்ல நிலையில இருக்கிறன்."

"நீர் பட்டனை டக்கெண்டு அமத்திற ஆள். யோசிக்காமல் அமத்திப்போட்டுப் பிறகு கவலைப்படுற ஆள். இண்டைக்கு ஒவ்வொருக்காலும் உம்மட முறைக்கான மணிக்கூடு ஓடி முடியிற மட்டும் நிக்கிறீர். என்ன நடந்தது?"

சிங்கம் திரையில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒண்டுமில்லை அண்ணை."

லிட்கமில் எங்கோ ஒரு ரெயில் போவது கேட்டது.

"அந்தத் தடிமன் பிள்ளைக்கு நானும் இதைத்தான் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். "சொல்லும் தம்பி. நான் நிக்கிறன்."

திரையில் என் முறைக்கான நேரம் ஓடி முடிந்தது. கணினி என் இரண்டு ஆசுகளையும் தானாகவே தூக்கிப் போட்டது. நான் சொல்லத் தொடங்கினேன்.